புள்ளி வைத்த வெள்ளி ரூபாய்க்கு மூன்று மடங்கு விலையா?

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்து வெள்ளி ரூபாய்கள் சில பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றோடு சேர்க்க, காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில் 1918 ரூபாய் கேட்டேன். அடியில் புள்ளி இருப்பதால் பம்பாய்க் காசு, அபூர்வம் என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். புள்ளி பம்பாயைக் குறிக்கும் என்றது சரி. அபூர்வம் என்றது சரியில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ஆண்டு பொறித்த பக்கத்தைத் திருப்பி, ஓரத்துப் பூவேலையின் அடியில் இருக்கும் தாமரையைத் தேடுங்கள். அதற்குக் கீழே பொட்டுப் போல ஒரு மேடு இருந்தால் பம்பாய் நாணயச்சாலை. வெறுமையாக இருந்தால் கல்கத்தா. அங்கே குறி போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நேர் மேலிருந்து விளக்கடித்தால் தேய்ந்த காசில் புள்ளி கண்ணுக்கே தட்டுப்படாது.

முதல் உலகப் போரின்போது இங்கே வெள்ளித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1918-இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, இந்தியக் காசுக்காகப் பிரிட்டனுக்கு விற்கச் சட்டமே இயற்றியது. அந்த ஆண்டு பம்பாய், கல்கத்தா இரண்டிலும் ரூபாய்களைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். நம் பக்கத்துப் பெட்டகங்களில் 1918 அடிக்கடி கிடைப்பதும் அதனால்தான். அதற்குப் புள்ளியைக் காட்டி விலையேற்றுவது நியாயமே இல்லை. 1944, 1945 ரூபாய்களில் ஆண்டுக்குக் கீழே ‘எல்’ எழுத்து இருந்தால் லாகூர். அதையும் அபூர்வம் என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் காசுகளில் பாதிதான் வெள்ளி என்பதையும் நினைவில் வையுங்கள்.

1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயின் புள்ளிகள் வேறு வகை. பம்பாயில் 1874 வரை ஆண்டை மாற்றாமல் அதே 1862-ஐ வைத்தே அடித்தார்கள். உண்மையில் எந்த ஆண்டுக் காசு என்பதைப் புள்ளிகளை எண்ணித்தான் அறிய முடியும். 1840 ரூபாயில் ராணியின் கழுத்து வெட்டில் தெரியும் இரட்டை ‘டபிள்யூ’ நாணயச்சாலைக் குறியே அல்ல. உருவத்தைச் செதுக்கிய வில்லியம் வயனின் முதலெழுத்துகள் அவை.

நிஜமாகவே அரிதானது ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய். அதனால் போலியும் அதில்தான் அதிகம். 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய காசும் கைமாறுகிறது. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ரூபாயானாலும் நகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் சிறிது குறையலாம். வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்திருந்த தடம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாங்கிய பிறகு, பித்தளைச் சாமானைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கறுப்பு போனால் மதிப்பும் போய்விடும்.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா எங்கள் அப்பத்தா வைத்திருந்தார். பல லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், ரிசர்வ் வங்கிக்கு முன்பணம் கட்டுங்கள் என்று போனில் சொல்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், அம்மா. கம்பெனி அப்படியொரு காசை வெளியிடவே இல்லை. அது பிற்காலத்தில் பக்திக்காகவும் விற்பனைக்காகவும் செய்த வில்லை. அப்பத்தாவின் நினைவாகப் பூசை அறையில் வைத்துக்கொள்ளலாம். பழைய காசு, நோட்டு விற்க யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அரிசியைக் காந்தம்போல இழுக்கும் அதிசயக் காசு என்று சொல்லி வருகிறவர்களும் மோசடிக்காரர்கள்தான். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.