மருத்துவ ஆய்வு நம் கைக்கு வந்து சேரும் வழி: கேள்வி பதில்

மருத்துவ இதழ்களில் வரும் ஆய்வுகளைப் பொதுமக்களுக்காக எளிய மொழியில் சுருக்கி எழுதுவது என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆய்வுக் கட்டுரையெல்லாம் டாக்டர்களுக்குத்தானே, நமக்கு எதற்கு?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் சில கிடைக்கோடுகள், அவற்றின் கீழே ஒரு சிறிய வைர வடிவம். ஒவ்வொரு கோடும் ஓர் ஆய்வு. குறைமாதத்திலேயே பிரசவமாகிவிடும் என்ற நிலையில் இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஆய்வுகள் அவை. முதலாவது 1972லேயே வெளிவந்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த தொகுப்பாய்வு 1989இல்தான் வந்தது. பலன் உண்டு என்பதைத்தான் அந்த வைர வடிவம் காட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கே இது தெரியவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் இறந்துபோனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அச்சில் வந்தால் மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டும்.

‘ஆபத்து பாதியாகக் குறைகிறது’ என்ற செய்தியை நம்பலாமா?

எத்தனையில் பாதி என்று முதலில் கேளுங்கள். மருந்து எடுக்காத 1000 பேரில் 2 பேர் இறந்து, எடுத்த 1000 பேரில் ஒருவர் இறந்தாலும் அது பாதிதான். 200 பேர் 100 பேரானாலும் பாதிதான். இரண்டும் ஒன்றாகுமா? என் மேசைக்கு வரும் வரைவில் ‘பாதி’ என்று இருந்தால் அடித்துவிட்டு, ‘1000 பேரில் இத்தனை பேர்’ என்று மாற்றி எழுதச் சொல்வேன். சொல்லப்போனால் என் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

பெரிய இதழில் வந்துவிட்டால் அது உண்மைதானே?

அப்படி இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் லான்செட் இதழில்தான் வந்தது. அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகளின் விவரம். 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் பயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒரு கட்டுரையைப் பிறருக்கு அனுப்பும் முன் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தலைப்பைத் தேடுங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே குறிப்பு இருக்கும்.

காசு கொடுக்காமல் எங்கே படிக்கலாம்?

மெட்லைன்பிளஸ் என்ற அமெரிக்க அரசின் உடல்நலத் தகவல் தளத்தில் படிக்கலாம். காக்ரேனின் எளிய மொழிச் சுருக்கங்களும் இலவசம்தான்.

நீங்கள் எழுதும் சுருக்கத்தை யார் சரிபார்க்கிறார்கள்?

ஆய்வாளர்கள் பார்ப்பார்கள், அப்புறம் நோயாளிகளும் பார்ப்பார்கள். பிஎம்ஜே என்ற பிரிட்டன் மருத்துவ இதழ் 2014 முதல் கட்டுரைகளை மதிப்பிடவே நோயாளிகளை அழைக்கிறது. ஒருமுறை எங்கள் வரைவைப் படித்த ஒரு பெண்மணி, “பக்கவிளைவு மிதமானது என்கிறீர்கள். சரி, மறுநாள் நான் வேலைக்குப் போக முடியுமா?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆய்வாளர்களிடமே திரும்பப் போய்க் கேட்டு அந்த ஒரு வரியைச் சேர்த்தோம்.