ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய செயலியில் ஆப்ஜெக்ட்டுகள் (செயலியின் தனித்தனிப் பகுதிகள்) ஒன்றோடொன்று பேச எது நல்லது: டெலிகேட்டா, க்ளோஷரா, நோட்டிஃபிகேஷனா?

டெஸ்க்டாப்பை நீங்களே அசெம்பிள் செய்தவர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பாதி விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கேபினெட்டின் பவர் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒயரை மதர்போர்டில் இரண்டு பின்களில் சொருகியிருப்பீர்கள். அழுத்தினால் அந்த இரண்டு பின்களும் ஒரு கணம் இணையும், அவ்வளவுதான். எந்த போர்டு, எந்த ப்ராசஸர், கணினி கிளம்பப் போகிறதா அணையப் போகிறதா என்று எதுவும் பட்டனுக்குத் தெரியாது. அதனால்தான் பழைய கேபினெட்டில் புது போர்டைப் போட்டாலும் அது வேலை செய்கிறது.

உங்கள் செயலியில் கோப்பை இறக்கித் தரும் டவுன்லோடு கிளாஸும் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் வரைவு) அப்படித்தான் இருக்க வேண்டும். "முடிந்தது" என்று மட்டும் அது சொல்லட்டும். திரையில் என்ன மாற வேண்டும் என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் ஒரு வியூ கன்ட்ரோலரின் (ஒரு திரையை நடத்தும் கிளாஸ்) பெயரை எழுதிவிட்டால், இன்னொரு திரைக்கு அந்த கிளாஸ் உதவாது.

சரி, மூன்றில் எது? ஒரு வேலையைக் கொடுத்து ஒரே ஒரு விடை வாங்க க்ளோஷர் போதும், அதாவது வேலை முடிந்ததும் இயக்கச் சொல்லிக் கொடுத்துவிடும் ஒரு கோடுத் துண்டு. தொடக்கம், எவ்வளவு முடிந்தது, பிழை, முடிவு என்று பல செய்திகள் ஒருவருக்கே போக வேண்டுமென்றால் ப்ரோட்டோகால் (இருக்க வேண்டிய மெத்தடுகளின், அதாவது செயல்களின் பட்டியல்) எழுதி, அதன்படி நடக்கும் ஓர் ஆப்ஜெக்ட்டை டெலிகேட்டாக, அதாவது செய்தி வாங்குபவராக வையுங்கள். பயனர் லாக்அவுட் செய்ததைப் போல, யார் யார் கேட்கிறார்கள் என்று அனுப்புபவருக்கே தெரியாத செய்திக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன், அதாவது செயலிக்குள் பொதுவாக விடும் அறிவிப்பு. தான் உருவாக்கிய ஆப்ஜெக்ட்டிடம் பேச இவை எதுவும் வேண்டாம். நேராக அதன் மெத்தடை அழைத்தால் போதும்.

நோட்டிஃபிகேஷன் சுலபமாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்ளாதீர்கள். நோட்டிஃபிகேஷனோடு தகவலை அனுப்பும் யூசர்இன்ஃபோ அகராதியில் (சாவியும் அதன் மதிப்புமாக வைக்கும் பட்டியல்) எந்தச் சாவியில் எந்த வகை மதிப்பு வரும் என்று கம்பைலர் (கோடைச் செயலியாக மாற்றும் நிரல்) சரிபார்க்காது. சாவியின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் மதிப்பு வராது, பிழைச் செய்தியும் வராது. டிடிஆர்4, டிடிஆர்5 ரேம் இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றொன்று நுழையவே நுழையாது. ப்ரோட்டோகால் தருவதும் அதே பாதுகாப்புதான். தேவையான ஒரு மெத்தடை விட்டுவிட்டால் செயலி பில்டே ஆகாது.

அப்புறம் நினைவகம். திரை டவுன்லோடரை வைத்திருக்கிறது, டவுன்லோடர் டெலிகேட்டாகத் திரையைப் பிடித்திருக்கிறது என்றால், இரண்டுமே விடுபடாமல் நினைவகத்தில் தங்கிவிடும். அதனால் டெலிகேட்டை வீக் (ஆப்ஜெக்ட்டை நினைவகத்தில் தங்க வைக்காத பிடி) என்று அறிவியுங்கள். அதற்கு ப்ரோட்டோகால் எனிஆப்ஜெக்ட்டைச் (கிளாஸ்களுக்கு மட்டும் என்று சொல்லும் குறிப்பு) சார்ந்திருக்க வேண்டும். ப்ராப்பர்ட்டியில் (ஆப்ஜெக்ட்டுக்குள் மதிப்பை வைக்கும் இடம்) சேமித்து வைக்கும் க்ளோஷருக்குள்ளும் செல்ஃபை, அதாவது அந்த ஆப்ஜெக்ட்டையே, வீக் ஆகவே பிடியுங்கள். சந்தேகம் இருந்தால் டிஇனிட்டில் (ஆப்ஜெக்ட் நினைவகத்திலிருந்து விடுபடும்போது ஓடும் பகுதி) ஒரு பிரின்ட் போட்டுத் திரையை மூடிப் பாருங்கள். அந்த வரி கன்சோலில் வரவில்லையென்றால் எங்கோ ஒரு பிடி மிச்சமிருக்கிறது, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.