சுத்தியலைத் தூக்கியவள்தான் தோர்

கேள்வி: சென்ற இதழில், ஜேன் ஃபாஸ்டர் என்ற பெண் தோராக வரும் மார்வெல் காமிக்ஸ் தொடரை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். நார்ஸ் புராணத்தில், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தில், தோர் சிவப்புத் தாடி வைத்த ஆண் கடவுள். அவன் சுத்தியலைப் பிடுங்கி ஒரு பெண்ணிடம் கொடுத்தது போதாதென்று, அவன் பெயரையும் அவளுக்கே வைத்துவிட்டார்கள். இது புராணத்துக்கு அவமரியாதை இல்லையா? வேறு பெயரில் புதிதாக ஒரு நாயகியை உருவாக்க என்ன தடை? வாசகர்கள் அவ்வளவு கொதித்ததை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டது நியாயமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஒரே வரியில் கடந்ததற்குக் காரணம் இருக்கிறது, நண்பரே. புதிய தோர் ஒரு பெண் என்று மார்வெல் அறிவித்தது 2014 ஜூலை 15 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு பகல் நேர நிகழ்ச்சியில். முதல் இதழ் கடைக்கு வந்தது அக்டோபர் 1. எதிர்ப்பு கிளம்பியது நடுவில் இருந்த அந்த இரண்டரை மாதத்தில். அப்போது எல்லோர் கையிலும் இருந்தது ஓர் ஓவியமும் ஒரு செய்தியும்தான். கதையைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. படிக்காத கதைமேல் வந்த கோபத்தை வாசகர் கருத்து என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. படித்த பிறகு பிடிக்கவில்லை என்று எழுதியவர்கள் வேறு. அவர்களோடு பேச எனக்கு நிறைய இருக்கிறது.

நீங்கள் எந்தப் பக்கம்? உங்கள் கடிதத்தில் சுத்தியல் இருக்கிறது, தாடி இருக்கிறது, பெயர் இருக்கிறது. புற்றுநோய் என்ற சொல்லைக் காணோம். அந்தத் தொடரைப் படித்தவர் அந்தச் சொல் இல்லாமல் அதைப் பற்றி நாலு வரி எழுத முடியாது.

சரி, தாடிக்கு வருவோம். ஐஸ்லாந்தின் ‘சாகா’ என்ற பழங்கதைகளில் தோருக்குச் சிவப்புத் தாடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று நார்ஸ் புராணம் என்று நாம் படிப்பதில் பெரும்பங்கை 1220 வாக்கில் எழுதி வைத்தவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். அவர் ஒரு கிறிஸ்தவர். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்று இருநூறு வருடம் கழிந்த பிறகு எழுதியவர். அவருடைய ‘எட்டா’ நூலின் முன்னுரையில் தோர் யார் தெரியுமா? கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரத்து மன்னன் பிரியாமின் பேரன். தலைமுடி பொன்னைவிட அழகு என்றும் அதே முன்னுரை சொல்கிறது. ஆக, மாறாத ஒரே தோர் என்று ஒருவர் புராணத்திலேயே இல்லை. எழுதி வைத்த காலத்திலேயே அவர் பல முகத்தோடு இருந்தார்.

இன்னொன்றையும் கேட்கிறேன். 1962-ல் ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83-வது இதழில் மார்வெலின் தோர் அறிமுகமானபோது கதை என்ன? டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமான அமெரிக்க மருத்துவர் நார்வேக்குச் சுற்றுலா போகிறார். சனிக் கிரகத்திலிருந்து வந்த கல் மனிதர்களிடமிருந்து தப்பி ஒரு குகைக்குள் ஒளிகிறார். அங்கே கிடைத்த தடியைப் பாறையில் அடிக்க, தடி சுத்தியலாகிறது, அவர் தோராகிறார். இதில் எட்டா எங்கே இருக்கிறது? லோகியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எட்டாப் பாடல்களில் அவன் தோரின் தந்தையான ஓடினோடு ரத்தம் கலந்து சகோதரனானவன். மார்வெல் அவனை ஓடினின் வளர்ப்பு மகனாக்கி, தோருக்குத் தம்பியாக்கிவிட்டது. புராணத்தில் செய்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான். 1983-ல் தோர் தொடரை எழுதி வரைந்த வால்ட் சைமன்சன், குதிரை முகம் கொண்ட வேற்றுக்கிரகவாசி ஒருவன் கையில் சுத்தியலைக் கொடுத்தார். 1986-ல் தோரைத் தவளையாக்கினார். இவையெல்லாம் இன்று ரசிகர்கள் கொண்டாடுகிற கதைகள். அப்போதெல்லாம் வராத புராணப் பற்று, பெண் என்றதும் மட்டும் ஏன் வருகிறது என்பதை நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவமரியாதை என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தோரை இன்றும் வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அவர்களுடைய அமைப்பு 1972-ல் தொடங்கி, மறு வருடமே அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது. அமெரிக்காவில் 2013-லிருந்து படைவீரர் கல்லறையில் தோரின் சுத்தியலைப் பொறிக்க அனுமதி உண்டு. மரியாதைக் குறைவு என்று அவர்களில் ஒருவர் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அவர்கள் சார்பில் நாம் கொதிப்பதற்கு முன்னால், அவர்கள் போற்றும் பாடல்களைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

‘திரிம்ஸ்க்விதா’ என்று ஒரு பாடல் இருக்கிறது. தோர் தூங்கி எழுந்தால் சுத்தியலைக் காணோம். திரிம் என்ற அரக்கன் அதைத் திருடிப் பூமிக்கடியில் எட்டுக் காதம் ஆழத்தில் ஒளித்துவிட்டான். ஃப்ரேயா தேவியை மணம் முடித்துக் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். ஃப்ரேயா கொதித்துப்போய் மறுத்துவிடுகிறாள். அப்போது தேவர்களில் ஒருவனான ஹைம்டால் ஒரு யோசனை சொல்கிறான்: தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு அனுப்புவோம். தோர் தயங்குகிறான். பெண் உடை உடுத்தினால் மற்ற தேவர்கள் என்னை ஆண்மை கெட்டவன் என்று பேசுவார்களே என்கிறான். லோகி அவன் வாயை அடக்குகிறான்: சுத்தியலை மீட்காவிட்டால் அரக்கர்கள் தேவர்கள் வாழும் அஸ்கார்டிலேயே குடியேறிவிடுவார்கள். அவ்வளவுதான், முகத்திரை ஏறுகிறது, இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது, கழுத்தில் ஃப்ரேயாவின் ஆரம். விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று தீர்ப்பதைப் பார்த்துத் திரிம் திகைக்கிறான். தோழியாக வந்த லோகி, உன்னைப் பார்க்கிற ஆசையில் இவள் எட்டு இரவு சாப்பிடவே இல்லை என்று சமாளிக்கிறான். கடைசியில் திருமணத்தை ஆசீர்வதிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண் மடியில் வைக்கிறார்கள். அப்புறம் அந்த மண்டபத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள அதே தயக்கத்தை அந்தப் பாடலில் தோரே வாய்விட்டுச் சொல்கிறான், பார்த்தீர்களா? அதற்கான பதிலையும் பாடலே சொல்லிவிடுகிறது: சுத்தியல் அதன் வேலையைச் செய்தாக வேண்டும், அதைப் பிடித்திருப்பவர் எந்த உடையில் இருக்கிறார் என்பது அப்புறம்.

இனி பெயர். உங்கள் கேள்வியில் வலுவான பகுதி இதுதான். வேறு பெயர் வைத்திருக்கலாமே என்பதற்குப் பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தொடரின் எழுத்தாளர் ஜேசன் ஆரன் 2012-ல் தோர் கதையை எழுத ஆரம்பித்ததிலிருந்து அவரை அரித்தது ஒரே கேள்வி: வணங்கத்தக்க தகுதி தெய்வங்களுக்கு இருக்கிறதா? அவர் படைத்த கோர் என்பவன் வறண்ட கிரகம் ஒன்றில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவன். எவ்வளவு வேண்டியும் ஒரு தெய்வமும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வெறுப்பில் தெய்வங்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். மார்வெல் கதையில் அந்தச் சுத்தியலைத் தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடியும். 2014-ல் நிக் ஃப்யூரி என்ற உளவாளி தோரின் காதில் எதையோ கிசுகிசுக்க, சுத்தியல் கை நழுவி நிலவின்மேல் விழுகிறது, தோரால் அதைத் திரும்பத் தூக்க முடியவில்லை. கிசுகிசுத்தது என்ன என்று வாசகர்களுக்குத் தெரிய 2017 ஆனது: கோர் சொன்னது சரி. அதாவது, நாம் யாருடைய வணக்கத்துக்கும் தகுதியில்லாதவர்கள் என்று தோரே உள்ளுக்குள் நம்பிவிட்டான்.

அந்தச் சுத்தியலை ஓடின் முயன்றும் அசைக்க முடியவில்லை. ஜேன் தூக்குகிறாள். 2014 தொடரின் நாலாவது இதழில், ஒரு கையை இழந்து நிற்கிற பழைய தோர் அவளோடு மோதிப் பார்க்கிறான். தன் கையில் ஒருபோதும் பறக்காத விதத்தில் சுத்தியல் அவளுக்காகப் பறப்பதைக் கண்டு விலகி நிற்கிறான். பெயரை அவனே அவளுக்குக் கொடுக்கிறான், தன்னை இனி ஓடின்சன் என்று மட்டும் அழைக்கச் சொல்கிறான். பிடுங்கிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதியது கதையில் நடக்கவே இல்லை. தோர் என்ற பெயருக்குத் தகுதி யாருக்கு என்பதுதான் கதையின் உயிர். அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது. இன்னொரு பறக்கும் நாயகி கிடைத்திருப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்கு அவள் கொடுக்கிற விலையைப் பாருங்கள். ‘த மைட்டி தோர்’ முதல் இதழ் மருத்துவமனையில் தொடங்குகிறது. ஜேனுக்கு மார்பகப் புற்றுநோய். முடி கொட்டிவிட்டது, உடம்பில் சதையில்லை. சுத்தியலைத் தொட்டால் ஓவியர் ரஸல் டாட்டர்மேனின் கோட்டிலும் மேத்யூ வில்சனின் வண்ணத்திலும் அந்தப் பக்கமே மின்னலாகிறது. ஆனால் ஒவ்வொரு முறை தோராகும்போதும் உடம்பில் ஏற்றிய கீமோதெரபி மருந்து விஷம் என்று கழிக்கப்பட்டுவிடுகிறது, புற்று மட்டும் அப்படியே இருக்கிறது. யாரையாவது காப்பாற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் தன் சிகிச்சையை அவளே அழிக்கிறாள். இது தெரிந்தும் போகிறாள்.

எட்டாவின் தோரும் இப்படித்தான். உலகம் முடிகிற ரக்னரோக் நாளில், உலகைச் சுற்றிக் கிடக்கும் மித்கார்ட் பாம்பைக் கொன்றுவிட்டு, அதன் நஞ்சேறி ஒன்பது அடி நடந்து விழுந்து சாகிறான். தன் முடிவு இன்னது என்று அறிந்தும் போருக்குப் போகிற தெய்வங்கள்தான் நார்ஸ் புராணத்தின் சாரம். குகையில் தடி கண்டெடுத்த டொனால்ட் பிளேக்கைவிட, மருந்துக் குழாயைக் கழற்றிவிட்டு எழுந்து போகிற ஜேன்தான் அந்த ஒன்பது அடிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புராணத்துக்கு விசுவாசம் என்று நான் சொல்வது இதை.

குறையே இல்லாத தொடர் என்று நான் எழுதவில்லை. 2014 தொடரின் ஐந்தாவது இதழில் அப்சார்பிங் மேன் என்ற வில்லன், பெண் தோரை எதிர்த்து வாசகர்கள் சொன்ன வசனங்களையே பேசுகிறான். ஜேன் அவன் தாடையை உடைக்கிறாள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. எதிர்க்கருத்து சொன்ன வாசகரை வில்லனாக்கி அடிப்பது பதில் ஆகாது. இந்தப் பக்கத்தில் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான். அதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. 705-வது இதழில் மாங்காக் என்ற அரக்கனைச் சுத்தியலோடு பிணைத்துச் சூரியனுக்குள் எறிந்துவிட்டு ஜேன் சாகிறாள். அடுத்த இதழிலேயே அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இத்தனை இதழ்களாகச் சேர்த்த விலையை ஒரே இதழில் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. உங்கள் கோபம் அதன்மேல் வந்திருந்தால் நானும் கூடவே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2014-ன் ‘தோர்’ எட்டு இதழ், அப்புறம் 2015-ல் தொடங்கிய ‘த மைட்டி தோர்’ முதல் இதழிலிருந்து 23 வரை, பிறகு எண் தாவி 700-லிருந்து 706 வரை. இந்த வரிசையில் படியுங்கள். படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.