மன அழுத்தம்: கேள்விகளும் பதில்களும்

சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்.

வேளச்சேரி: மேடம், டென்ஷன் வந்தா மூச்சை நல்லா இழுத்து விடச் சொல்றாங்க. செஞ்சா தலை சுத்துது, விரல் மரத்துப் போகுது.

பதற்றத்தில் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், விரலிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுக்கும். அதனால் பயம் கூடும், மூச்சு இன்னும் வேகமாகும்.

கவனம் மூச்சை விடுவதில் இருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை சாதாரண அளவுக்கு இழுங்கள். வயிற்றுக் கை எழும்பணும், நெஞ்சு அல்ல. பிறகு சூடான ரசத்தை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை விடும்போதுதான், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. மூச்சு முட்டினால் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுவதில் தொடங்குங்கள். தினம் இருவேளை 5 நிமிடம், மனசு அமைதியாக இருக்கும்போதே பழகுங்கள். மேனேஜர் கூப்பிட்ட பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் கைகொடுக்காது.

அம்பத்தூர்: ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் ஆபீஸ் நினைப்புதான்.

விடியலை நெருங்க நெருங்கத் தூக்கம் மெலிதாகும், உடம்பை விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்ட்டிசோல் ஹார்மோன் ஏறத் தொடங்கும். விழிப்பு வருவது இயல்பு. சிக்கல் படுத்தபடியே கணக்குப் போடுவதில். 20 நிமிடம் ஆனதாகத் தோன்றினால் (கடிகாரம் பார்க்காதீர்கள்) எழுந்து, மங்கின வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது மட்டும் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே, ஞாயிறு உட்பட. ஆபீஸ் விஷயங்களை மாலை 6 மணிக்கே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலையைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

கொடுங்கையூர்: நெஞ்சு இறுக்கம், இடது கை வலி. ஸ்ட்ரெஸ்தானே?

இங்கே கேட்கும் கேள்வி அல்ல இது. இப்போதே 108. முதலில் ஈசிஜி.

தாம்பரம்: தூக்கம் வரலை, என்ன பண்ணலாம்?

அம்பத்தூருக்குச் சொன்னதுதான்.

பெரம்பூர்: தூக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்ல அல்பிரசோலம் வாங்கிப் போட்டுட்டு இருக்கேன். நாளையிலிருந்து நிறுத்திடவா?

வேண்டாம். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அரசு மருத்துவமனைகளிலும் பார்க்கலாம்.

மயிலாப்பூர்: நல்லாத் தூங்க சாயங்காலக் காபியை நிறுத்தணும்னு எல்லாரும் சொல்றது அநியாயம். எங்க வீட்ல எல்லாரும் 6 மணிக்குக் குடிச்சிட்டு நல்லாத் தூங்கறோம்.

தூங்குவீர்கள், ஆழம் குறையும். காபியில் தூக்கத்தைக் கெடுக்கும் பொருளான கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 6 மணிக் காபியில் பாதி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும்.

திருவான்மியூர்: சிக்கரி கலந்தா பரவாயில்லையா?

சிக்கரியில் கஃபீன் இல்லை, அந்த அளவுக்குக் குறையும். ஆனால் முதல் டிகாக்‌ஷன் திக்காக இருந்தால் அந்த லாபம் போய்விடும்.

மயிலாப்பூர்: விட்டா தலைவலி வருது மேடம்!

ஒரே நாளில் விட்டால் வரும். கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி ஒரு வாரம் வரை நீளலாம். டிகாக்‌ஷனை இரண்டு நாளைக்கு ஒரு ஸ்பூன் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். காலைக் காபியை யாரும் தொடவில்லை. கடைசி டம்ளர் மதியம் 2 மணிக்குள்.

போரூர்: அஸ்வகந்தா எடுக்கலாமா? தைராய்டு மாத்திரை போடுறேன்.

மருத்துவரைக் கேட்காமல் கூடாது. தைராய்டு அளவை அது ஏற்றலாம். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. அதை நம்பித் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆவடி: 6 மாசமா அசதி, எதுலயும் பிடிப்பு இல்லை. சில நாள் வாழவே வேண்டாம்னு தோணுது.

இன்றே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். வீட்டில் ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பரிசோதனையும் கேளுங்கள். இவற்றின் குறையும் இதே அசதியாக வரும்.

குரோம்பேட்டை: தூக்கம் வரலை மேடம்.

மேலே அம்பத்தூர், பெரம்பூர், மயிலாப்பூர் மூன்றையும் படியுங்கள். அதில் இல்லாதது இருந்தால் கேளுங்கள்.

மயிலாப்பூர்: சரி, 6 மணிக்குச் சுக்குக் காபி?

தாராளமாக. காபித்தூள் சேர்க்காமல், சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும்.