மாநகர சபை ஏன் சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறது?

கொழும்பு மாநகர சபையின் பாதீட்டில் ‘சங்க உறுப்புரிமைச் சந்தா’ எதற்கு என்பதே கேள்வி. உள்ளூராட்சி மன்றங்கள் தமக்குள் கூடி அமைத்த சங்கங்களில் உறுப்பினராக இருக்கச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் அது. நாட்டுக்குள் இலங்கை உள்ளூராட்சி சம்மேளனம் உண்டு. ஆசிய பசிபிக் நகரங்களுக்கு 1987இல் தொடங்கிய சிட்டிநெட் உண்டு. கொழும்பும் அதில் உறுப்பினர்.

காரணம் எளியது. குப்பை, மழைவெள்ளம், நெரிசல் எல்லாம் எல்லா நகரங்களுக்கும் உள்ள தலைவலி. வேறொரு நகரம் கண்ட வழியையும் பட்ட அடியையும் கேட்டறிவது, நாமே தடுமாறிக் கற்பதைவிட மலிவு. சட்டத் திருத்தம் கேட்டு அரசிடம் போகும்போதும் ஒரு சபையின் கடிதத்தைவிடப் பல சபைகளின் குரலுக்குக் கனம் அதிகம்.

நம் ஊர் மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். மாதச் சந்தா சிறியது; தேவைப்படும் நாளில் கொட்டகையும் நாற்காலியும் ஆட்களும் வந்து நிற்கும். ஆனால் கூட்டத்துக்கே போகாதவருக்குச் சங்கத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாது. சபைகளும் அப்படித்தான்: சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் அது வீண்செலவு என்பேன்.

பலர் இதை மேயரின் வெளிநாட்டுப் பயணச் செலவு என்று நினைக்கிறார்கள். சந்தா வேறு, பயணச் செலவு வேறு.