ஓடைக்கரைத் தாவரங்களை ஈடாக வளர்த்தல்: கேள்வி பதில்

சாலைக்கும் குடியிருப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் இடம் கொடுத்து அழிந்த வாழிடத்துக்கு ஈடாக, வேறோர் ஓடைக்கரையில் மண்ணுக்குரிய தாவரங்களை மீட்டெடுக்கும் பணி குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஓர் ஏக்கர் கரையை அழித்துவிட்டு இன்னோரிடத்தில் ஓர் ஏக்கர் நட்டுக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாதா?

நேராகாது. இழப்பு ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. ஈடு உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. நட்டவற்றில் ஒரு பங்கு பிழைப்பதுமில்லை. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பெரும்பாலான கட்டுமானத் திட்டங்களில் வாழிட மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் உயர வேண்டும் என்றும், அந்த உயர்வை 30 ஆண்டுகளாவது பேண வேண்டும் என்றும் கேட்பது இதனால்தான். அந்தக் காலமும் சிலவற்றுக்குப் போதாது. ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரங்களில் பறவையும் சிற்றுயிரும் குடியேறத்தக்க பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆவது வழக்கம். அத்தகைய முதுமரத்தை வெட்டியவர் ஆயிரம் கன்று நட்டாலும் அது அந்தப் பொந்துக்கு ஈடாகாது. ஆகவே தவிர்க்க முடிந்த அழிவைத் தவிர்த்து, முடியாததைக் குறைத்து, அதன் பிறகும் மிஞ்சுவதற்கு மட்டுமே ஈடு தேட வேண்டும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

கேள்வி: கரையில் எவ்வளவு அகலத்துக்கு நட வேண்டும்?

சிற்றோடைகளின் நீர்த்தரத்தையும் நீர்வாழ் உயிர்களையும் காக்க, இருகரையிலும் ஏறத்தாழ 30 மீட்டராவது மரச்செறிவு வேண்டும் என்பது 2014இல் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின் முடிவு. இடம் குறைவென்றால் குறுகலான பட்டையும் வீணில்லை. நிழல் தந்து நீரின் சூட்டைத் தணிக்கும். ஆனால் அதை முழு ஈடாகக் கணக்கில் காட்டக் கூடாது.

கேள்வி: நல்ல நாற்றங்காலில் வாங்கி நட்டும் முதல் கோடையிலேயே கன்றுகள் கருகிவிட்டன, ஐயா. காரணம் என்ன?

கன்றைப் பார்க்கும் முன் ஓடையைப் பாருங்கள். மேற்பகுதியில் கட்டடங்கள் பெருகினால், மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் ஒரேயடியாக ஓடைக்குள் பாய்ந்து அடித்தளத்தை அரித்து ஆழமாக்குகிறது. தளம் இறங்க இறங்க, கரையோர நிலத்தடி நீர்மட்டமும் உடன் இறங்கிவிடுகிறது. கரை உயரத்தில் நிற்கும், வேர் எட்ட வேண்டிய ஈரம் கீழே கிடக்கும். அத்தகைய கரையைச் சரித்து அமைக்காமலோ, தளத்தை உயர்த்தாமலோ நட்டால் எத்தனை முறை நட்டாலும் இதே கதைதான். நீரோட்டம் சீரான பிறகு, நீர் விளிம்பில் கோரையும் நாணலும், சரிவில் வளைந்து கொடுக்கும் புதர்களும், மேட்டில் மரங்களும் என ஈரத்துக்கேற்ப அடுக்கி நடுங்கள். எந்த இனம் எங்கே என்பதை அதே ஓடையில் கெடாமல் எஞ்சிய பகுதியே சொல்லிக் கொடுக்கும்.

கேள்வி: நீர்க்கரையில் வளரும் வில்லோ மரத்தின் போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டி நடலாம் என்கிறார்களே?

நடலாம், செலவு குறைந்த வழியும் அதுவே. மரம் உறக்கநிலையில் இருக்கும்போது வெட்டி, சில நாட்கள் நீரில் ஊறவைத்து, மொட்டுகள் மேல்நோக்கியிருக்க, நீளத்தில் மூன்றில் இரு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும். அடிமுனையைச் சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால், பணியாளர் யாரும் தலைகீழாக நட மாட்டார். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள்: வில்லோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே தாய்மரத்திலிருந்து எல்லாப் போத்தையும் எடுத்தால் கரை முழுவதும் ஒரே பாலினமாக நின்று, அவற்றுக்குள் விதையே உண்டாகாது. அதே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பல மரங்களிலிருந்து எடுங்கள்.

கேள்வி: அயல்களைகளை இயந்திரத்தால் ஒரேயடியாக அகற்றிவிடலாமா?

வேண்டாம். கரை வெறுமையானால் அடுத்த வெள்ளமே மண்ணைக் கொண்டுபோய்விடும். உடைந்த துண்டிலிருந்தே முளைக்கும் ஜப்பானிய நாட்வீட் போன்றவற்றை மேல்முனையிலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாகக் கீழ்நோக்கி அகற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேலிருந்து மிதந்து வரும் துண்டுகள் அகற்றிய இடத்திலேயே மீண்டும் வேரூன்றும்.

கேள்வி: கால்நடைகள் வராமல் வேலியிட்டதும் கரை தானாகவே துளிர்க்கிறது. இதை நிறுவனம் ஈடாகக் கணக்கிடலாமா, ஐயா?

அந்த வேலி ஈட்டுக்காகவே போடப்பட்டதென்றால் கணக்கிடலாம். தானாக வந்த நாற்று, நட்டதைவிட உறுதியாகவே நிற்கும். வேறொரு திட்டத்தின்கீழ் முன்னரே போட வேண்டியிருந்த வேலி என்றால், எப்படியும் நடந்திருக்கும் நன்மையைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதாகும். அதை ஏற்கக் கூடாது.

கேள்வி: ஒப்பந்தப்படி 80 சதவீதக் கன்றுகள் பிழைத்துவிட்டன. பணி முடிந்ததாகக் கையொப்பமிடலாமா?

கன்று பிழைத்தது என்பது நாற்றுப் பணியின் வெற்றி. வாழிடம் திரும்பியது என்பது வேறு. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு ஈடுசெய் விதி குறைந்தது ஐந்தாண்டுக் கண்காணிப்பைக் கேட்கிறது; மரக்காட்டுக்கு அதையும் நீட்டிப்பது நல்லது. நீரின் கோடைக்கால வெப்பம் குறைந்ததா, நடாத நாற்றுகள் தாமாக முளைக்கின்றனவா, கல்லைப் புரட்டினால் மேஃப்ளை (mayfly) போன்ற தூயநீர்ப் பூச்சிகளின் இளவுயிரிகள் தென்படுகின்றனவா எனப் பாருங்கள். பராமரிப்புக்கு யார், எத்தனை ஆண்டுகள் பணம் கொடுப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை கிடைக்கும்வரை இறுதித் தவணையை நிறுத்திவைக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பமிட்ட பிறகு கேட்டால் எவரும் திரும்பி வருவதில்லை.