லெட்ரோசோல் மாத்திரையால் மூட்டு வலி: நிறுத்திவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரையை தினம் ஒன்றாக 5 வருடம் சாப்பிடச் சொன்னார்கள். நான்காவது மாதமே கை, முழங்கால் எல்லாம் வலி. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு ஹார்மோன்?" என்று நிறுத்தப் பார்க்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். வலியைக் குறைக்க வழி உண்டு. அதுவும் போதாவிட்டால் மாத்திரையையே மாற்றலாம்.

'ஹார்மோன் சிகிச்சை' என்ற பெயர்தான் அம்மாவைக் குழப்புகிறது. இந்த சிகிச்சையில் ஹார்மோன் எதையும் கொடுப்பதில்லை, உடம்பில் இருப்பதைக் குறைக்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'ஈஆர் 8/8' என்பதுபோல ஒரு வரி இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் (ஈஆர்) எத்தனை செல்களில் இருக்கின்றன என்பதற்கு 5 வரை, சாயம் எவ்வளவு அழுத்தமாக ஏறியது என்பதற்கு 3 வரை மதிப்பெண். கூட்டி 3 வந்தாலே பாசிடிவ். அந்தச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. மாதவிடாய் நின்றபின் சினைப்பை அதைச் சுரப்பதில்லை. ஆனால் கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நொதியைத்தான் லெட்ரோசோல் முடக்குகிறது.

கட்டியை எடுத்த பிறகும் ஸ்கேனில் சிக்காத செல்கள் எங்காவது ஒளிந்திருக்கலாம். ஈஆர் பாசிடிவ் புற்று மெதுவாகக் காத்திருந்து வருவது: திரும்ப வருகிறவற்றில் ஏறக்குறைய பாதி, 5 வருடம் கழித்தே தலைகாட்டுகிறது.

இனி வலி. ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது மூட்டுகள் விறைக்கும். காலையில் எழுந்ததும் விரலை மடக்க வராது, காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் புழங்கினால் தளரும். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வாரம் 150 நிமிடம் நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி: இதற்கு வலி குறைவது ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். பாராசிட்டமால் போடலாம். டைக்ளோஃபினாக்கை மெடிக்கலில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும்.

அப்படியும் அடங்காவிட்டால், மருத்துவர் சில வாரம் மாத்திரையை நிறுத்தி வலி குறைகிறதா என்று பார்ப்பார். பிறகு அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. அல்லது எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி.க்கு மாற்றுவார். மூன்றும் ஒரே வகைதான். ஆனாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டு. எக்ஸிமெஸ்டேனைச் சாப்பாட்டுக்குப் பிறகே போட வேண்டும். டமாக்ஸிஃபென் 20 மி.கி. வேறு வகை. அது ஏற்பியை அடைக்கும், மூட்டுத் தொல்லை குறைவு. ஆனால் காலில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு. முன்பே அப்படி உறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மாதவிடாய் நின்றவருக்கு ரத்தப்போக்கு வந்தாலோ உடனே காட்ட வேண்டும். மன அழுத்தத்துக்குத் தரும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கும்.

வலியைவிடச் சத்தமில்லாத கெடுதல் எலும்புத் தேய்மானம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஸ்கேனில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய். அதற்கு முன்பேகூட எலும்பைக் காக்கும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லலாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

ஒரு நாள் மாத்திரை மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், அசைந்தால் குறையும். முதுகிலோ தொடையிலோ ஒரே இடத்தில் நிலைத்து, ராத்திரியில் தூங்கவிடாமல், வாரத்துக்கு வாரம் கூடினால் அதை லெட்ரோசோல் தலையில் போடாதீர்கள். அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.